நாடகக் கல்வி மலை ஏறுவது எப்போது?

சில ஆண்டுகளுக்கு முன், தொழில் நியாயசபை ஒன்றிலே, நானுஓயாப் பகுதித் தோட்டத் தொழிலாளி ஒருவருக்காக நாம் தோன்றினோம். முப்பது ஆண்டுகள் மலையில் உழைத்தவர். செய்யாத தவறுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். முதல்நாள் மாலை எம்முன் அமர்ந்து, நடந்தது முழுவதையும் நாள் தவறாது, ஆள் தவறாது எடுத்துரைத்தார். மறுநாள் சாட்சிக்கூண்டில் ஏறியதும் வாயடைத்துப் போனார். “நீர் அன்று வேலைக்கு வரவில்லை அல்லவா?” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். வேலைக்கு வந்திருந்த அந்த மனிதர், “ஆமாங்க” என்றார். அடுத்த கேள்விக்கும் “ஆமாங்க”. அதற்கடுத்த கேள்விக்கும் அதே விடை. வேறொருவர் சாட்சியத்தால் வழக்கு ஒருவாறு தப்பிற்று. அவர் சொல்லால் அன்று.

அவ்வாண்டு மாசி மாதம் அதே தோட்டத்தில் காமன் கூத்துப் பார்க்கப் போனோம். பனி கொட்டும் இரவு. தப்பு முழங்கிற்று. தவங் கலைந்த சிவனாகச் சபையில் வந்து நின்றவர் எமது கட்சிக்காரரே! ஒலிவாங்கி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆயினும் அவர் குரல் கடைசி லயத்தின் கடைசிக் காம்பராவரை எட்டிற்று. மன்மதனை நிறுத்தி வைத்து அவர் தொடுத்த கேள்விகள் எந்த நீதிமன்றத்திலும் எடுபடத் தக்கவை. கூத்து முடிந்தபின், “அன்று கூண்டிலே இந்தக் குரல் எங்கே போயிற்று?” என்று கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி இன்றும் எம்மைச் சுடுகிறது.

“இங்க வாத்தியார் சொல்லிக் குடுத்திருக்காருங்க ஐயா. அங்க பேச யாருங்க சொல்லிக் குடுத்தது?”

இந்தக் கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் பலர். பல்கலைக்கழகங்களை நடத்துவோர் கடமைப்பட்டுள்ளனர். கல்வி அமைச்சு கடமைப்பட்டுள்ளது. தொழிற்சங்கங்கள் கடமைப்பட்டுள்ளன. எம்மைப் போன்ற சட்டத்தரணிகளும் கடமைப்பட்டுள்ளோம். மலையகத் தமிழனுக்குக் குரல் இல்லை என்று சொல்வது பொய். குரல் இருக்கிறது; இரவில், கூத்துக் களத்தில் இருக்கிறது. அதைப் பகலுக்கும், வகுப்பறைக்கும், காரியாலய வாசலுக்கும், நீதிமன்றத்துக்கும் கொண்டுவரும் பாலந்தான் இல்லை. அந்தப் பாலத்தைக் கட்டக்கூடியவர் நாடகத்தைக் கல்வியாகக் கற்ற ஆசிரியர். அத்தகைய ஆசிரியரையும், அவரைப் பயிற்றும் ஆசானையும் உருவாக்கும் பட்டப்பின் படிப்பு மலையகத்தில் இல்லை. இது தற்செயல் அன்று. அலட்சியத்தின் விளைவு என்பதே எமது குற்றச்சாட்டு.

நடிகர் பட்டாளம் வேண்டுமென்றா கேட்கிறோம்?

நாடகக் கல்வி என்றதும் எம்மவர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். “பிள்ளைகளைக் கூத்தாடிகள் ஆக்கவா?” என்று கேட்கின்றனர். இவர்கள் நாடகக் கல்வியின் அரிச்சுவடியையே அறியாதவர்கள்.

நாடகக் கல்வி இருவகைப்படும். நாடகத்தைக் கற்பிப்பது ஒன்று. நாடகத்தின் வழியாக ஏனைய பாடங்களைக் கற்பிப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு மேடை வேண்டாம், ஒப்பனை வேண்டாம், திரை வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதியைத் தொழிலாளராகவும் மறு பாதியைத் துரைமாராகவும் நிறுத்தி, ஒரு சம்பளப் பேச்சுவார்த்தையை நடத்தச் சொல்லுங்கள். கணக்கும் வரும், மொழியும் வரும், வரலாறும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்து, “இல்லை, அது அப்படியன்று” என்று சொல்லும் துணிவு வரும். எமது கட்சிக்காரருக்கு இல்லாது போன சொல் அதுதான்.

உலகம் இதனை என்றோ உணர்ந்துவிட்டது. பிரேசில் நாட்டின் அவுகுஸ்தோ போவால் என்னும் நாடகாசிரியர், பார்வையாளனே மேடையேறிக் கதையின் முடிவை மாற்றும் முறையை வகுத்தார். ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்று அதற்குப் பெயர். அவர் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ மாநகர சபையில் உறுப்பினராக இருந்தபோது, ஏழை மக்கள் தம் குறைகளை நடித்துக் காட்டிய நாடகங்களிலிருந்து 13 சட்டங்கள் பிறந்தன. கூத்திலிருந்து சட்டம் பிறக்கும் என்பதைச் சட்டம் படித்த நாம் மனமுவந்து இங்கே பதிவு செய்கிறோம்.

இந்தியாவைப் பாருங்கள். 1959ஆம் ஆண்டில் தேசிய நாடகப் பள்ளி தொடங்கப்பட்டது. 1989இல் அப்பள்ளி, பிள்ளைகளோடு பணியாற்றுவதற்கென்றே கல்வி அரங்கக் குழு ஒன்றை அமைத்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுநிலைப் பட்டம் வழங்கும் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சுவாமிகள் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி? பையன்களைச் சேர்த்து, பாடவும் பேசவும் பழக்கி, ஊர் ஊராக நாடகம் நடத்தியவர் அவர். அவர் பெயரை வாயிலில் எழுதி வைத்து முதுநிலைப் பட்டம் வழங்குகிறது ஒரு பல்கலைக்கழகம். இங்கோ, அவர் போன்ற வாத்தியார்கள் தோட்டந்தோறும் வாழ்ந்து, தோட்டந்தோறும் மறைந்து வருகின்றனர். அவர்கள் அறிந்ததைக் கேட்டெழுதவும் ஆளில்லை.

யாழ்ப்பாணம் தரும் சான்று

ஒரு பட்டப்பின் பாடநெறி ஒரு சமுதாயத்துக்கு என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு, தூர தேசத்துச் சான்று வேண்டியதில்லை. எமது நாட்டிலேயே இருக்கிறது.

1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கென நாடகத்தில் ஒரு டிப்ளோமாப் பாடநெறியை நடத்தியது. தமிழாசிரியர் சிலர் அதிலே கற்றனர். அவர்களுள் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். கற்றவர் கொழும்பிலே தங்கிவிடவில்லை; ஊர் திரும்பினார். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி எழுந்தது. அவ்வாண்டே ‘கூடி விளையாடு பாப்பா’ என்ற சிறுவர் நாடகம் பிறந்தது. 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ கிராமங்களுக்குச் சென்று, பேச அஞ்சிய காலத்தில் மக்களின் துயரைப் பேசிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு துறையாக வேரூன்றியது. பாடசாலைகளில் க.பொ.த. உயர்தரத்துக்கு அது பாடமாகிற்று. சண்முகலிங்கம் அவர்கள் 2025ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தபோது, அவரை ‘எம் ஆசான்’ என்று சொல்லி அழுத தலைமுறைகள் ஒன்றல்ல, பல.

ஒரு சிறு பாடநெறி. விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியர்கள். அதன் விளைவு அரை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. நெல் விதைக்கும் கமக்காரருக்கும், நுவரெலியாச் சரிவுகளில் மரக்கறி நடுவோருக்கும் நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வயல் முழுவதற்கும் வேண்டிய பயிர் சின்னஞ்சிறு நாற்றுமேடையிலேதான் தொடங்குகிறது. பட்டப்பின் படிப்பு என்பது அந்த நாற்றுமேடை. மலையகத்துக்கு வயல் இருக்கிறது, மண் இருக்கிறது, நாற்றுமேடைதான் இல்லை.

மட்டக்களப்புக்கும் இத்தகைய சான்றுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இருந்துகொண்டு மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என அவை அரங்கேறின. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அத்துறையை வளர்த்தார். இன்று அப்பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகத்திலே பட்டம் பெறலாம். 1926இலேயே ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக நூலைத் தமிழுக்குத் தந்த அடிகளாரின் பெயர் அந்நிறுவகத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

பேராதனையிலிருந்து புறப்படும் அதே மலையகப் புகையிரதப் பாதை நாவலப்பிட்டி, ஹற்றன், தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்கு ஏறுகிறது. 1885ஆம் ஆண்டிலேயே நானுஓயாவரை பாதை போட்டுவிட்டனர். தேயிலைப் பெட்டியை இறக்குவதற்கு அவ்வளவு அவசரம்! பேராதனை மேடையில் மட்டக்களப்புக் கூத்து ஏறி அறுபது ஆண்டுகள் கடந்தன. பேராதனைக்கு மேலேயுள்ள மலைகளின் காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கருக்கும் அதற்கிணையான வாய்ப்பு இன்னும் வாய்க்கவில்லை. மலையிலிருந்து இறங்க வேண்டியது தேயிலை மட்டுந்தானா? மலைக்கு ஏற வேண்டியது உரமூட்டை மட்டுந்தானா?

இலைக்கு உள்ள மதிப்பு

நானுஓயாவிலிருந்து சில நிலையங்கள் கீழே இறங்கினால் தலவாக்கலை. அங்கே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிலையம் அது. நூறு ஆண்டுகளாகத் தேயிலைச் செடியின் வேரையும் இலையையும், அதை அரிக்கும் பூச்சியையும், அது நிற்கும் மண்ணையும் கற்றவர்கள் அங்கே ஆராய்ந்து வருகின்றனர். நன்று, அது வேண்டும். தேயிலை வாழ்ந்தால்தான் தோட்டம் வாழும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். இலைக்கு ஆராய்ச்சி நிலையம் அமைக்கத் தோன்றிய நாட்டுக்கு, இலை கொய்யும் கையின் கலையை ஆராய ஓர் அறையேனும் ஒதுக்கத் தோன்றாதது ஏன்? 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். அந்த முன்னோர் கடல் கடந்து வந்தபோது மூட்டையிலே பொன் கொண்டு வரவில்லை; கூத்தைக் கொண்டு வந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியபோதும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து அனுப்பியபோதும், மாசிப் பிறை கண்டால் காமன் கம்பம் நடுவதை அவர்கள் விடவில்லை. வாக்குச்சீட்டு இல்லாத காலத்திலும் அவர்கள் சபை கூடிய இடம் அது. இதைவிடப் பெரிய ஆராய்ச்சிப் பொருள் வேறென்ன வேண்டும்?

நாம் அறிந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். லயக் காம்பராவில் பிறந்தவர். ஊர் விட்டு ஊர் போய் நாடகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பி, நானுஓயாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறார். காமன் கூத்தின் கேள்வியும் மறுமொழியுமான முறையை வகுப்பறைப் பாடத்துக்குப் பயன்படுத்துவது பற்றி முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய விரும்பினார். ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில் அவருக்குக் கிடைத்த விடை: “இதை மேற்பார்வை செய்ய எங்களிடம் ஆளில்லை, வேறு தலைப்பு எடுங்கள்.” பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், அங்கிருந்தவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த உண்மையின் கொடுமையை எண்ணிப் பாருங்கள். மேற்பார்வையாளர் இல்லை, ஆகவே ஆய்வு இல்லை. ஆய்வு இல்லை, ஆகவே மேற்பார்வையாளர் உருவாகப் போவதில்லை. இந்தச் செக்கைச் சுற்றியே இன்னும் எத்தனை தலைமுறை நடப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

“யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, மட்டக்களப்பில் இருக்கிறது, விரும்பியவர் அங்கே போகட்டும்” என்று சொல்வோர் உளர். இவ்வாதத்துக்குச் சட்டத்திலேயே ஓர் ஊன்றுகோல் வைத்திருக்கிறார்கள் என்பதை வாசகர் அறிய வேண்டும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையை எடுத்துக்கொள்வோம். அரசின் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகமொன்றில் ஒரு தேசிய மொழியில் ஒரு பாடநெறி கற்பிக்கப்பட்டால், மற்றத் தேசிய மொழியில் கற்று வந்த மாணவருக்கு அம்மொழியிலும் அது கற்பிக்கப்படவேண்டும் என்கிறது அது. அழகான விதி! ஆனால் அதன் வாலில் ஒரு விலக்கு வாசகம் தொங்குகிறது. அத்தகைய பாடநெறி அம்மொழியில் வேறொரு பல்கலைக்கழகத்திலோ வளாகத்திலோ நடக்குமாயின், இவ்விதியைப் பின்பற்றுவது கட்டாயமன்று. அதாவது, நாட்டின் ஒரு மூலையில் தமிழில் நடந்தால், மற்ற மூலைகளின் கடமை தீர்ந்தது!

27ஆம் உறுப்புரை இன்னும் அழகானது. கல்வியின் எல்லா மட்டங்களிலும் எல்லோருக்கும் சமமான வாய்ப்பை உறுதிப்படுத்துவது அரசின் குறிக்கோள் என்று அது பறைசாற்றுகிறது. ‘எல்லா மட்டங்களிலும்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டுகிறோம். பட்டப்பின் படிப்பும் ஒரு மட்டந்தான். ஆனால் இரண்டு உறுப்புரை தள்ளி 29ஆம் உறுப்புரை வருகிறது. இந்தக் குறிக்கோள்களை வைத்து எவரும் எந்த நீதிமன்றத்திலும் உரிமை கோர முடியாது என்று அது கதவை அடைக்கிறது.

ஆகவே இந்த வழக்கை நீதிமன்றத்தில் வெல்ல முடியாது. மக்கள் மன்றத்தில்தான் வெல்லவேண்டும். அதனால்தான் இதனை மனுவாக எழுதாமல், இப்பத்திரிகையில் எழுதுகிறோம்.

தூரத்தையும் சற்று எண்ணுங்கள். நானுஓயாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ புகையிரதத்தில் போவதாயின் மலை முழுவதும் இறங்கிப் பொல்காவலையில் வண்டி மாற வேண்டும். பதினெட்டு வயது மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கலாம். ஆனால் பட்டப்பின் படிப்பு யாருக்கு? வேலை பார்க்கும் ஆசிரியருக்கு, குடும்பம் உள்ளவருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு. வாரந்தோறும் அவர் அங்கே போய்வருவது எங்ஙனம்? ‘வாசல் திறந்தே இருக்கிறது’ என்று சொல்லி, வாசலை இருநூறு மைல் தள்ளி வைப்பது வாசலைப் பூட்டுவதற்குச் சமம்.

எதிர்வாதங்களுக்கு மறுமொழி

“வயிற்றுக்குச் சோறில்லாதவனுக்கு நாடகமா?” என்பர் சிலர். நாம் சோற்றை அறியாதவர்கள் அல்லர். நாட்சம்பளம் 1000 ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று, 2021ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபையின் வழியாகத்தான் வர்த்தமானிக்கு வந்தது. அத்தனை ஆண்டும் மேசைக்கு அப்புறத்தில் கம்பனியார் பேசினர். இப்புறத்தில் தலைவர்கள் பேசினர். கொழுந்து கொய்யும் பெண் எங்கே பேசினாள்? தன் சோற்றைப் பற்றித் தானே பேசத் தெரிந்தவளின் சோற்றை எவரும் எளிதிற் குறைக்க முடியாது. ஆகவே சோறு வேறு, பேச்சு வேறு என்று பிரிப்பவரை நாம் நம்புவதில்லை.

“கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே ஆசிரியர் இல்லையே” என்பர் வேறு சிலர். மெய்தான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977ஆம் ஆண்டில்தான். அந்தத் தாமதத்தின் கடன் இன்னும் தீரவில்லை. விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டு நாமும் மனுக்கொடுத்திருக்கிறோம். ஆனால் வகுப்பின் கடைசி வாங்கில் தலை குனிந்து, ‘விளங்கவில்லை’ என்று சொல்லவும் அஞ்சியிருக்கும் பிள்ளைக்கு எந்த விஞ்ஞானம் ஏறும்? வாய் திறந்த பிள்ளைக்குத்தான் கணிதமும் வரும்.

மூன்றாவது எதிர்வாதம் எம் படித்தவர்களிடமிருந்தே வருகிறது. “காமன் கூத்து மூடநம்பிக்கை, தப்படிப்பது தாழ்ந்த தொழில், இவற்றை மறந்தால்தான் முன்னேறலாம்” என்கின்றனர். இங்கே நாம் நேர்மையாகப் பேசவேண்டும். தப்பு அடித்தவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, தப்பின் ஒலிக்கு மட்டும் ஆடியது எம் சமுதாயம். இரதியின் வேடத்தை ஆண்களே கட்டினர். பெண்பிள்ளைகளைக் களத்தில் இறங்கவிடவில்லை. இவை எம் களத்தில் படிந்த கறைகள். ஆனால் கறை படிந்த வேட்டியை வெளுப்பதா, எரிப்பதா? அறியாதவன் கையில் கூத்து பழைய கட்டுகளோடு போகும். அல்லது செத்துப் போகும். கற்றவர் கையில் அது திருந்தும். மட்டக்களப்பின் சீலாமுனையில் கூத்தை ஊராரோடு சேர்ந்து மீளுருவாக்கம் செய்தபோது, இத்தகைய கேள்விகளையே எழுப்பினர். மலையகத்தில் அதைச் செய்யப் போவது யார்? அதற்குத்தான் படிப்பு வேண்டும் என்கிறோம்.

எம்மையும் கேட்டுக்கொள்வோம்

பிறரைக் குற்றஞ் சாட்டும் நாம் குற்றமற்றவரா? அரசியல் அமைப்பாளர் என்ற முறையில் எத்தனை மே தினக் கூட்டங்களுக்குக் கூத்துக்காரரை அழைத்திருக்கிறோம்! கூட்டஞ் சேரும்வரை தப்படிக்கச் சொன்னோம். கூட்டஞ் சேர்ந்ததும் தப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு நாமே பேசினோம். மலையகத் தொழிற்சங்க அரசியலின் சிறுமையெல்லாம் இதற்குள் அடங்கும். தொழிலாளியின் கலை கூட்டஞ் சேர்க்க. தொழிலாளியின் வாய் கைகொட்டி முடிந்தபின் மூட!

எமது முன்னோடிகள் இப்படி இருக்கவில்லை. கோ. நடேசய்யர் தோட்டத்துள் புகுந்தது எப்படி? அந்நியர் எவரும் நுழைய முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேடம் பூண்டு புகுந்தார் என்பது வரலாறு. மலையகத் தொழிற்சங்கத்தின் முதல் அடியே ஒரு வேடந்தான்! 1931இல் ஹற்றனைத் தளமாக்கித் தொழிலாளர் சம்மேளனம் கண்ட அவர், 1937இல் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்ற நாடகத்தையும் எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார். பாட்டினால் தொழிலாளரைத் திரட்டினார். சங்கமும் நாடகமும் அன்று ஒரே வீட்டில் வாழ்ந்தன. அவற்றைப் பிரித்தவர் அவர்களுக்குப் பின் வந்த நாம்.

யாம் வேண்டுவன

வெறும் புலம்பலால் பயனில்லை. வேண்டுவதைத் திட்டமாகச் சொல்கிறோம்.

முதலாவது, நாடகக் கல்வியில் ஒரு பட்டப்பின் டிப்ளோமாவும், அதைத் தொடர்ந்து முதுமாணிப் பட்டமும் தமிழ்மொழியில் மலையகத்திலேயே நடத்தப்படவேண்டும். புதிய கட்டடம் கேட்கவில்லை. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது; ஆசிரியரைப் பயிற்றும் இடம் அது. அண்மையில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வார இறுதியிலும் பாடசாலை விடுமுறையிலும் அங்கே வகுப்பு நடத்துவதற்குத் தேவை விருப்பம் ஒன்றே. மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற நெடுநாட் கோரிக்கையை நாம் கைவிடவில்லை. ஆனால் அது வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, அப்பாடநெறியில் கூத்து வாத்தியார்கள் ஊதியம் பெறும் வருகை ஆசான்களாக அமர்த்தப்பட வேண்டும். பட்டம் இல்லை என்று சொல்லி அவர்களை வாசலில் நிறுத்தக்கூடாது. பட்டதாரிகள் அவர்களிடம் கற்கட்டும். அவர்கள் மனத்திலுள்ள பாட்டும் வசனமும் அடவும் ஏட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறட்டும். ஒரு வாத்தியார் இறக்கும்போது எரிவது ஒருவர் உடல் மட்டுமன்று.

மூன்றாவது, படிக்கும் ஆசிரியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை. படித்து வந்தவருக்கு மலையகப் பாடசாலைகளில் நாடக ஆசிரியர் பதவி. படிப்புக்கும் பதவிக்கும் தொடர்பில்லாவிட்டால், பட்டம் சுவரில் தொங்கும். பிள்ளை கடைசி வாங்கிலேயே இருக்கும்.

நான்காவது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள நாடகப் பேராசான்களுக்கு ஒரு வேண்டுகோள். அரை நூற்றாண்டு நீங்கள் வளர்த்த நாற்று உங்களிடம் இருக்கிறது. ‘மேற்பார்வை செய்ய ஆளில்லை’ என்ற சொல் உங்களுக்கு இழுக்கு. ஆண்டுக்குச் சில வாரங்கள் மலையேறி வாருங்கள். எமது ஆய்வுகளைப் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். பத்தாண்டில் எம்மவரே எம்மவரைப் பயிற்றுவர்.

ஐந்தாவது, தொழிற்சங்கங்களுக்கு. தொழிலாளியின் சந்தாவில் கட்டிய மண்டபங்கள் உங்களிடம் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு அவற்றைப் பிள்ளைகளின் நாடகத்துக்குத் திறந்து விடுங்கள். அந்நாளில் நீங்கள் பேச வேண்டாம். முன்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். பிள்ளைகள் உங்களைப் பற்றியும் ஒரு நாடகம் போடுவார்கள். அதையும் கேளுங்கள்.

வைத்தியரே, பொறியியலாளரே, கணக்காளரே, ஆசிரியப் பெருமக்களே, வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலில் நிற்கும் கமக்காரரே! இது மலையகத்தார் வீட்டுக் காரியம் என்று ஒதுங்காதீர்கள். காலையில் நீங்கள் அருந்தும் தேநீருக்குப் பின்னே ஊமையாக்கப்பட்ட ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய்க்குப் பேச்சு இல்லாமல் இல்லை. கற்பிப்பார் இல்லை, அவ்வளவே.

எமது கட்சிக்காரர் இன்று ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற மாசியில் சிவன் வேடத்தைத் தம் மகனுக்குக் கட்டிவிட்டாராம். அந்த மகனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். நானுஓயாவில் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். நாளை அவளும் ஏதோ ஒரு கூண்டில், ஏதோ ஒரு காரியாலய மேசைக்கு முன், ஏதோ ஒரு துரைக்கு எதிரே நிற்க வேண்டி வரும். அன்று அவளிடம், ‘பேச உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?’ என்று எவரேனும் கேட்டால், ‘எங்கள் பாடசாலை ஆசிரியை’ என்று அவள் விடை சொல்ல வேண்டும்.

அந்த ஆசிரியையைப் படிக்க விடுங்கள். நாம் கேட்பது இவ்வளவே. இதற்குக் குறைந்த எதையும் ஏற்க மாட்டோம்.